பல்லாவரத்திலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?

 

பல்லாவரம், திரிசூலம், பம்மல், குரோம்பேட்டை வட்டாரங்களில் குடியிருப்போருக்கு ஆகாய விமானம் ஓர் அதிசயமன்று. பாங்கோசையின் நடுவே இரைச்சல் குறுக்கிடுவதும், வீட்டுப் பேச்சு ஒரு கணம் நின்று மீண்டும் தொடர்வதும் இங்கே அன்றாட வழக்கம். மேற்கே சாய்ந்து மறையும் ஏதேனும் ஒரு விமானத்தைக் காட்டி, "அது மக்காவுக்குப் போகிறது" என்று பேரப்பிள்ளையிடம் சொல்லாத பாட்டிமார் இவ்வூரில் அரிது. "எவ்வளவு தூரம் நன்னி? எத்தனை மணி நேரம்?" என்று பிள்ளை திருப்பிக் கேட்டால்தான் சங்கடம். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போய் வந்த பெரியவர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். மூன்றரை மணி நேரம் என்பார் ஒருவர். ஆறு மணி நேரம் என்பார் மற்றவர். ஒரு நாள் முழுக்க ஆகும் என்பார் மூன்றாமவர். வேடிக்கை என்னவெனில், மூவர் சொல்வதும் சரியே! இப்புனிதப் பயணத்துக்கு நிய்யத் வைத்திருப்போரும், வயது முதிர்ந்த தாய் தந்தையரை அனுப்பி வைக்க இருப்போரும் இந்த மூன்று கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்வது நலம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் வரை, பூமிப் பந்தின் மேல் மிகக் குறுகிய வழியில் அளந்தால் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். பல்லாவரத்திலிருந்து கஃபத்துல்லாஹ் வரை நேராக அளந்தால் ஏறத்தாழ 4,370 கிலோமீட்டர். நாடா பிடித்து அளக்க முடியாத இந்தத் தூரத்தை மனிதன் எவ்வாறு அறிந்தான்? அதற்கு விடை தேட வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை.

பல்லாவரத்து மண் மிகப் பழைய மண். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இங்கேதான் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இங்குள்ள குன்றில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் குடைந்த குகையொன்று உண்டு. பிற்காலத்தில் அது தர்காவாகி, அம்மலைக்கு 'மௌலா கா பஹாட்' என்ற பெயரும் வழங்கலாயிற்று. பல்லவர் பெயர் ஊருக்கு, மௌலா பெயர் மலைக்கு! ஆயினும் நாம் பார்க்க வேண்டிய மலை அதுவன்று. விமான ஓடுபாதைக்கு அப்பால், வடகிழக்கே நிற்கும் பரங்கிமலை.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி பரங்கிமலையருகே எஃகுச் சங்கிலியொன்றைத் தரையில் கிடத்தினார். நூறு அடி நீளச் சங்கிலி. அதை ஏறத்தாழ 400 முறை மாற்றி மாற்றி வைத்து, தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே நேர்க்கோட்டை அளந்தார். இந்த ஏழரை மைலுக்கு 57 நாட்கள் பிடித்தன. வெயிலில் எஃகு நீளும் என்பதால், சங்கிலியின் மேல் நிழல் படச் செய்து, வெப்பமானி வைத்துப் பார்த்து அளந்தார்கள். அந்த ஒரு கோட்டை அடியாகக் கொண்டு முக்கோணத்தின் மேல் முக்கோணமாக எழுப்பி, இமயம் வரை இந்தியாவை அளந்து முடித்தது பின்வந்தோரின் சாதனை. பூமி எவ்வளவு உருண்டை, ஒரு பாகையின் நீளம் எவ்வளவு என்பதையும் அவ்வளவையால் அவர்கள் கணித்தனர். இன்று விமானங்கள் ஓடி எழும்பும் இடத்துக்கு அண்டை நிலத்தில் அந்தக் கணக்குத் தொடங்கியது என்பது இவ்வூராரில் பலருக்குத் தெரியாத செய்தி.

ஆனால் லாம்ப்டனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதே வினாவை எழுப்பியவர்கள் நம் முன்னோர். அப்பாஸிய கலீஃபா மஃமூன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஸிஞ்ஜார் சமவெளியில் வானியலார் இரு குழுவினராகப் பிரிந்து வடக்கேயும் தெற்கேயும் நடந்தனர். துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் இடம் வரை நடந்து, நடந்த தூரத்தை அளந்தனர். ஒரு பாகைக்கு 56⅔ அரபு மைல் என்ற கணக்கு அங்கிருந்து வந்ததே. அடுத்த இரு நூற்றாண்டுகளில் அபூ ரைஹான் அல்பீரூனி பஞ்சாபின் நந்தனாக் கோட்டைக்கருகே ஒரு மலையுச்சியில் நின்று, தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தே பூமியின் ஆரத்தைக் கணித்துவிட்டார்.

அல்பீரூனிக்கு இந்த ஆராய்ச்சி வெறும் அறிவுப் பசியன்று. 1025இல் அவர் எழுதி முடித்த 'தஹ்தீத் நிஹாயாதில் அமாகின்' என்ற நூலின் தலையாய நோக்கங்களுள் ஒன்று கஸ்னா நகரத்தின் கிப்லாவைத் துல்லியமாக அறிவது. அதற்காக பாக்தாதிலிருந்து கஸ்னா வரை வணிகச் சாத்துகள் நடந்த வழித்தூரங்களைத் திரட்டி, பாதையின் வளைவு நெளிவுக்காக ஒரு பகுதியைக் கழித்து, ஊருக்கு ஊர் தூரத்தை நிறுத்திக் கணக்கிட்டார். தொலைவிலுள்ள இரண்டு நகரங்களுக்கிடையே உள்ள தூரம் என்பது தொழுகையாளியின் கேள்வி என்பதை மறந்துவிடக் கூடாது. விமானமோட்டியின் கேள்வியாக அது மாறியது மிகப் பிந்தித்தான்.

இக்கணக்கை நம் ஊருக்கே பொருத்திப் பாருங்கள். பள்ளிக்கூட உலகப் படத்தில் பல்லாவரத்துக்கும் மக்காவுக்கும் அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்தால், அது நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 12 பாகை சாயும். பந்து வடிவப் பூகோளத்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்தாலோ, பல்லாவரத்தில் அந்த நூல் 18 பாகை சாய்ந்து கிளம்பும். அதுவே சரியான கிப்லா. பழைய கட்டடம் ஒரு திசையிலும், உள்ளே விரித்த பாய் சற்றே சாய்ந்து வேறு திசையிலும் இருக்கும் பள்ளிவாசல்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். குறுகிய வழி தேடும் விமானமும் இதே வளைகோட்டை ஒட்டியே பறக்க விரும்பும். ஆனால் வான்வெளியில் வகுத்த பாதைகளைப் பின்பற்ற வேண்டியிருப்பதால், உண்மையில் பறக்கும் தூரம் 4,450 கிலோமீட்டரைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

கடிகாரம் சொல்லும் கதை

மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், ஓடுபாதையில் ஊர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து ஜித்தா செல்ல ஐந்தரை முதல் ஆறு மணி நேரம். திரும்பி வரும்போது பெரும்பாலும் ஐந்து, ஐந்தேகால் மணி நேரத்தில் சென்னை வந்துவிடும். ஆண்டின் பல மாதங்களில் மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று திரும்பும் விமானத்தைத் தள்ளிவிடுவதே காரணம். தென்மேற்குப் பருவக் காலத்தில் நம் தீபகற்பத்தின் மேல் இக்காற்று நேர்மாறாக, கிழக்கிலிருந்து மேற்கே விரைகிறது. இந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1950களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துரைத்தவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடேஸ்வரம். அம்மாதங்களில் ஜித்தா செல்பவருக்குச் சில நிமிடங்கள் லாபம்.

இனி, முதற்பெரியவரின் மூன்றரை மணி நேரம். சவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. காலை 6 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு ஆறு மணி நேரம் பறந்தால், ஜித்தா கடிகாரத்தில் காலை 9.30. பயணச்சீட்டில் 6.00 என்றும் 9.30 என்றும் அச்சிட்டிருக்கும். மூன்றரை மணி என்று நம்பியவர்மேல் குற்றமில்லை. அங்கே காலை 10 மணிக்குக் கிளம்பி ஐந்தேகால் மணி நேரம் பறந்து திரும்பினாலோ சென்னையில் மாலை 5.45. அதாவது சீட்டுப்படி ஏழே முக்கால் மணி! சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்ளும் பெரியவர்கள் இதில் விழிப்பாயிருக்க வேண்டும். எந்தக் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை, எதைப் பார்த்து ஊசி என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இன்னொரு கடிகாரமும் உண்டல்லவா? அதுதான் சூரியன். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே 41 பாகைத் தீர்க்கரேகை வித்தியாசம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் 2 மணி 44 நிமிடம். அரசாங்கங்கள் அதை இரண்டரை மணி என்று சீர்செய்துகொண்டாலும் சூரியன் அந்தச் சீர்திருத்தத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

ரமளானில் ஒருவர் மாலை 4 மணிக்குச் சென்னையில் விமானமேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்லாவரத்தில் 6.20 அளவில் அவர் வீட்டார் நோன்புக் கஞ்சியை எடுத்துவிடுவார்கள். அவரோ அரபிக்கடலின் மேல் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறார். விமானத்தின் வேகம் சூரியனின் சாய்வில் ஏறத்தாழப் பாதியை விழுங்கிவிடுகிறது. 11 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தொடுவானமும் தாழ்ந்து போவதால், அஸ்தமனம் மேலும் பிந்துகிறது. அவருடைய மஃரிப் நம் கடிகாரப்படி எட்டரை மணியும் தாண்டும். கைக்கடிகாரம் 6.20 காட்டுகிறதே என்று ஜன்னலில் வெயில் அடிக்க நோன்பு திறப்பது கூடாது. தாம் இருக்குமிடத்துச் சூரியனே அவருக்குக் கணக்கு. முடியாதவருக்கு, பயணி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகையை அல்லாஹ் திருமறையிலேயே வழங்கியிருக்கிறான். வயதானவர்கள் அச்சலுகையை ஏற்கத் தயங்குவதை நாம் காண்கிறோம். பிள்ளைகள்தான் மெல்ல எடுத்துச் சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் ஆபத்து வேறு. இரவு 11 மணிக்கு ஜித்தாவில் ஏறினால் நம் நேரம் 1.30. உணவு முடித்து, விளக்கணைத்து, எல்லோரும் உறங்கிவிடுவார்கள். விமானம் இப்போது சூரியனை எதிர்கொண்டு ஓடுகிறது. ஃபஜ்ர் நேரம் பறக்கும்போதே வந்துவிடும். சென்னையில் தரையிறங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு. "இறங்கியதும் தொழுதுகொள்ளலாம்" என்று கண்ணயர்ந்தவர் மீனம்பாக்கத்தில் கதவு திறக்கையில் வெயிலைத்தான் காண்பார். ஆகவே ஒருவர் விழித்திருந்து மற்றவர்களை எழுப்புவது என்று குடும்பத்துக்குள் முறை வைத்துக்கொள்ளுங்கள். நிற்க இடமிருந்தால் நின்றும், இல்லையேல் இருக்கையிலேயே அமர்ந்தும் தொழுவதற்கான சட்டங்களை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். போகும்போது ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாமா என்ற கேள்விக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு விடை, ஹனஃபீ மத்ஹபில் ஒரு விடை. பல்லாவரத்தில் இருவரும் அண்டை வீட்டார். அவரவர் இமாமிடம் கேட்பதே முறை.

மீக்காத் காத்திருக்காது

முன்னாளில் நம்மவர் ஹஜ்ஜுக்குப் போனது கப்பலில். சென்னையிலிருந்து இரயிலேறி பம்பாய் சேர்ந்து, முஸாஃபிர்கானாவில் நாட்களை எண்ணிக் காத்திருந்து, பிறகு ஒரு வாரத்துக்குக் குறையாத கடற்பயணம். நெருங்குகையில் யலம்லம் வந்துவிட்டது என்று கப்பலில் அறிவிப்பார்கள். குளித்து, இஹ்ராம் உடுத்தி, இரண்டு ரக்அத் தொழுது, தல்பியா முழங்க அவகாசம் தாராளமாக இருந்தது. பம்பாய்–ஜித்தா ஹஜ் கப்பல் 1995இல் நின்றது. அத்துடன் அந்த அவகாசமும் போயிற்று.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவாசிகளுக்கு துல்ஹுலைஃபாவையும், ஷாம் தேசத்தாருக்கு ஜுஹ்ஃபாவையும், நஜ்துவாசிகளுக்கு கர்னுல் மனாஸிலையும், யமன்வாசிகளுக்கு யலம்லமையும் இஹ்ராமின் எல்லைகளாக நிர்ணயித்தார்கள். அவ்வழியே வரும் பிறருக்கும் அவையே எல்லை. கிழக்கேயிருந்து அரேபியாவைக் குறுக்காகக் கடந்துவரும் நம் விமானம் பெரும்பாலும் தாயிஃபுக்கு அருகிலுள்ள கர்னுல் மனாஸிலையோ அதற்கு நேரான எல்லையையோ கடக்கிறது. அது தரையிறங்குவதற்கு இருபது, முப்பது நிமிடங்களுக்கு முன்பு. பயணிகள் இருக்கைவார் கட்டிக்கொள்ளும் நேரமும் அதுதான்! கழிப்பறை வாசலில் வரிசை நிற்கும். உடை மாற்ற முடியாது. சில விமானங்களில் அரை மணிக்கு முன்பே அறிவிப்புச் செய்கிறார்கள். ஆனால் அந்த அறிவிப்பு எந்த மொழியில் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இஹ்ராம் இன்றி அந்த எல்லையைக் கடந்து ஜித்தாவில் இறங்கியவர், திரும்பிச் சென்று மீக்காத்தில் இஹ்ராம் கட்ட வேண்டும்; அல்லது பரிகாரமாக ஓர் ஆடு அறுக்க வேண்டும் என்பது பெரும்பான்மை உலமாக்களின் தீர்ப்பு. வாழ்நாளெல்லாம் சேமித்துப் புறப்பட்டவர், வெறும் இருபது நிமிடக் கணக்குப் பிசகினால் இந்நிலைக்கு ஆளாவது எத்துணை வருத்தம்! ஆகவே ஆடவர் இஹ்ராம் துணியை வீட்டிலோ சென்னை விமான நிலையத்திலோ உடுத்திக்கொள்வது சிறந்தது. எல்லை நெருங்குகையில் நிய்யத் மட்டும் செய்தால் போதும். இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் மடித்து வைத்து, அப்பெட்டியை விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பிவிட்டுத் தவிப்போர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பெண்களுக்குத் தனி உடை கிடையாது. அவர்களுக்கு நிய்யத்தே முக்கியம். முதலில் மதீனாவுக்குப் போகும் விமானமாயின் சென்னையில் இஹ்ராம் தேவையில்லை. மக்காவுக்குப் புறப்படுகையில் துல்ஹுலைஃபாவில் கட்டிக்கொள்ளலாம். எனவே சீட்டு கையில் வந்ததும் நீங்கள் பார்க்க வேண்டியது நேரத்தையன்று, இறங்கும் ஊரை.

ஒரு நாள் எப்படி ஆகிறது?

மூன்றாமவரின் கணக்குக்கு வருவோம். கிலோமீட்டர் குறைந்தால் பயணம் சுருங்கும் என்று எண்ணாதீர்கள். கொரோனாவுக்குப் பின் 2022இல் ஹஜ் மீண்டும் திறக்கப்பட்டபோது, புறப்பாட்டு நகரங்களின் பட்டியலில் சென்னை இல்லை. தமிழகத்து ஹாஜிகள் கொச்சிக்குச் சென்று ஏறினர். கொச்சியிலிருந்து ஜித்தா ஏறத்தாழ 4,170 கிலோமீட்டர். படத்தில் பார்த்தால் 280 கிலோமீட்டர் மிச்சம்! ஆனால் பல்லாவரத்துவாசிக்கோ, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள விமான நிலையத்தை விட்டுவிட்டு, பெட்டி படுக்கையுடன் ஓர் இரவு இரயில் பயணம். அவ்வாண்டு 65 வயதுக்குட்பட்டோருக்கே சவூதி அரசு அனுமதி தந்ததால் முதியவர்கள் அந்த அலைச்சலுக்கு ஆளாகவில்லை. 2023இல் சென்னை மீண்டும் புறப்பாட்டு நகரமாயிற்று.

உம்ராவுக்கு வளைகுடா வழியாக மாறிச் செல்லும் மலிவுச் சீட்டுகளும் இத்தகையனவே. துபை வழியே போனால் சென்னை–துபை ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். துபை–ஜித்தா ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். கூட்டிப் பாருங்கள். தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இடையே காத்திருப்பும், நீண்ட நடைக்கூடங்களும், மீண்டும் ஒரு சோதனையும் சேர்ந்து, ஆறு மணி பத்தாகவும் பன்னிரண்டாகவும் பெருகுகிறது. இளைஞர்களுக்கு இது லாபமான பேரமே. எழுபது வயதுத் தாயாருக்கு அந்தச் சில ஆயிரம் ரூபாயை மிச்சம்பிடிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நேரடி விமானமேயாயினும் கணக்கு இதோ. பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். பறப்பது ஆறு மணி நேரம். ஜித்தாவில் குடிநுழைவு, பெட்டிகள், பேருந்து என இரண்டு மூன்று மணி நேரம். ஹஜ் காலமாயின் இது இன்னும் நீளலாம். அந்தக் காத்திருப்புக்கெனவே 1981இல் திறக்கப்பட்ட ஹஜ் முனையத்தை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். பாலைவனக் கூடாரங்களைப் போல 210 வெண்கூடாரக் கூரைகள். பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று தானே ஓடும். இதை உருவாக்கியவர்களுள் முதன்மையான பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். காத்திருக்கும் ஹாஜிகளின் தலைக்கு மேல் நம் துணைக்கண்டத்துச் சகோதரர் ஒருவரின் அறிவு நிழலாக விரிந்திருக்கிறது.

ஜித்தாவிலிருந்து மக்கா ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 2018இல் தொடங்கிய ஹரமைன் விரைவு இரயிலும் உண்டு. தங்குமிடம் சேர்ந்து பெட்டியை வைத்து மூச்சுவிடும்போது, பல்லாவரத்து வீட்டுப் படியிறங்கிப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஆகியிருக்கும். அதன் பிறகுதான் உம்ராவே தொடங்குகிறது. தவாஃப் ஏழு சுற்று. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஸஃயீ ஏழு முறை; அது மட்டுமே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடை. 4,450 கிலோமீட்டரை விமானம் சுமந்துவிடுகிறது. இந்த மூன்று கிலோமீட்டரை முழங்கால்தான் சுமக்க வேண்டும்.

ஜித்தாவில் இறங்கிய கையோடு உம்ராவை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் மார்க்கத்தில் இல்லை. இஹ்ராமுடைய பேணுதல்களைக் காத்துக்கொண்டு, சாப்பிட்டு, உறங்கி எழுந்து, கூட்டம் குறைந்த வேளையில் ஹரமுக்குச் செல்லலாம். குழுவாகப் போகிறவர்கள் அவசரப்படுத்தினால், உங்கள் அத்தாவுக்கும் உம்மாவுக்கும் ஓர் இரவு ஓய்வு வேண்டும் என்று முன்னதாகவே பயண ஏற்பாட்டாளரிடம் சொல்லி வையுங்கள். ஸஃயீ செய்யுமிடத்தில் சக்கர நாற்காலிக்குத் தனிப் பாதை உண்டு என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.